மாமியார் வைத்த சிவப்பு அட்டை

மருமகளைப் பற்றிப் பெருமை பேசுவதில் பெரியக்காவை மிஞ்ச அந்த ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் டீ நேரத்தில் மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால், இவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்ல அந்தக் கதையெல்லாம் இல்லப்பா" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டாள். மருமகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள், அவள் எழுதியதில் தப்பே வராது, அவள் கம்பெனியில் முதலாளியே அவளைக் கேட்டுத்தான் எதையும் செய்வார் என்று அடுக்கிக்கொண்டே போவாள். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துப் போயிருந்தது. ஆனாலும் அவளிடம் வாயைத் திறக்க யாருக்கும் துணிச்சல் இல்லை, ஏனென்றால் காலை முறை வேலையில் மூத்தவள் அவள்தான்.

ஃபோனில் அழுகிற குரலிலிருந்து அழுகையை ஒதுக்கிவிட்டு விலாசத்தை மட்டும் உருவி எடுக்கிற வித்தை பெரியக்காவுக்குக் கைவந்த கலை. அந்த நீள அறையில் நாற்காலிகள் ஆறுவதே இல்லை. ஒருவர் எழுந்தால் அடுத்த முறைக்காரர் அந்தச் சூட்டிலேயே உட்கார வேண்டும். கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். அவற்றை யாரும் அணைத்துப் பார்த்ததில்லை. பகலும் இரவும் எரிந்து எரிந்து, ஒவ்வொரு மேசையும் அடுப்பங்கரை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்த மையத்துக்கு ஒரு புதுப் புரோகிராம் வரப்போகிறது என்றும், அதை எழுதுவது தன் மருமகள் என்றும் தெரிந்த நாளிலிருந்து பெரியக்காவைப் பிடிக்க முடியவில்லை. அதுவரை விலாசத்தைத் தாளில் கிறுக்கி, டிரைவருக்கு ஃபோன் போட்டு, அவர் எடுக்கவில்லை என்றால் இன்னொருவருக்குப் போட்டு என்று ஓடிக்கொண்டிருந்தது வேலை. புதுப் புரோகிராமில் விலாசத்தை அடித்து, வண்டியைத் தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். டிரைவரின் ஃபோனில் விலாசம் வந்து நிற்கும். அவர் 'கிளம்பிட்டேன்' என்று அமுக்கினால் இங்கே திரையில் பச்சை விழும். "இதை நான் சொல்லித்தான் அவ எழுதினா" என்று பெரியக்கா கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை.

மருமகள் வீட்டுக்கு வந்த புதிதில் பெரியக்காவுக்கு உள்ளூர பயம்தான். கம்ப்யூட்டர் படித்த பெண், துரும்பைக் கூடக் கிள்ளிப் போடமாட்டாள் என்று நினைத்திருந்தாள். நடந்ததோ நேர்மாறு. எதை எங்கே எடுத்தாளோ அதை அங்கேயே, அதே பக்கம் பார்க்க, திருப்பி வைக்கிற பிறவியாக இருந்தாள் அவள். கத்தரிக்கோல் ஆணியில்தான் தொங்கும். சீப்பு கண்ணாடிக்கு இடது பக்கம்தான் கிடக்கும். பெற்ற மகனுக்கு முப்பது வயது வரை புத்தி சொல்லியும் வராத பழக்கம் வந்தவளிடம் தானாக இருந்ததைப் பார்த்துப் பெரியக்கா உருகிப் போனாள்.

ஒரே ஒரு குறை, சர்க்கரை டப்பா. சர்க்கரை தீர்ந்தால் மருமகள் டப்பாவைக் கழுவி, துடைத்து, பளபளவென்று பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள். கடைக்குப் போவது மாமனாரின் பொறுப்பு. அவர் சமையலறை வாசலில் நின்று அலமாரியை ஒரு நோட்டம் விடுவார். டப்பா இருக்கிறதா, இருக்கிறது. அப்படியானால் சர்க்கரையும் இருக்கிறது. திறந்து பார்க்கிற ஜாதி இல்லை அவர். புதுப் புரோகிராம் ஓடப்போகிற அன்று காலையிலும் அதுதான் நடந்தது. வீட்டில் எல்லாரும் சர்க்கரை இல்லாத டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

"டப்பா இருந்துச்சே" என்றார் மாமனார், குற்றமெல்லாம் டப்பாவுடையது என்பதுபோல.

பெரியக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, தீந்துபோச்சுன்னா டப்பாவையே கீழ எடுத்து வச்சிடு. மேல இருந்தா மாமா கண்ணுக்கு இருக்குன்னுதான் தெரியும்."

சரி அத்தை என்று மருமகள் தலையாட்டினாள். ஆனால் அவள் நினைப்பு அங்கே இல்லை. அன்றைக்கு நடக்கப்போவதை எண்ணி அவளுக்குக் கவலை. பெரியக்காவுக்கும்தான், ஆனால் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. மையத்து மேலாளருக்கு ஆரம்பத்திலிருந்தே வேறொரு பெரிய கம்பெனியின் மேல்தான் கண். சின்னக் கம்பெனி, யாரோ ஒரு பெண் எழுதியது, அதுவும் நம் ஆளின் மருமகள் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் சரியாகப் போனால் வேலை இவர்களுக்கு. சொதப்பினால், மறுநாளே அந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மருமகள் எத்தனையோ விடுமுறைகளைத் தின்று எழுதிய புரோகிராம் குப்பைக்குப் போகும். மையத்தில் பெரியக்கா தலை நிமிர்ந்து டீ குடிக்க முடியாது.

அந்தப் புரோகிராமில் பெரியக்கா ஒற்றைக்காலில் நின்று வாங்கிய வசதி ஒன்று உண்டு. அதற்கு ஒத்திகை என்று பெயர். நிஜமான வண்டியை அலைக்கழிக்காமல், பொய் விலாசத்தை அடித்து, பொய்யாக அனுப்பிப் பழக வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். இதை எப்படிச் செய்வாய் என்று ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே விசாரித்தபோது மருமகள் பொறுமையாக விளக்கினாள். தன் தொழிலில் இதை என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள், தமிழில் சூழல் மாறி என்று எழுதுகிறார்கள் என்றாள். பெரியக்காவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னாள்.

"ஒரு புரோகிராம் எந்திரிக்கும்போதே அது காதுல ஒரு பேரும் அதுக்கு ஒரு சொல்லும் போட்டு அனுப்புறது, அத்தை. 'ஒத்திகை'ன்னு ஒரு பேர் காதுல விழுந்திருந்தா, சரி, இது விளையாட்டுன்னு அது புரிஞ்சுக்கும். வண்டிக்கு எதுவும் அனுப்பாது. டிரைவர் மாதிரி அதுவே 'கிளம்பிட்டேன்'னு பதில் போட்டுக்கும். அந்தப் பேரே இல்லன்னா நிஜம்."

ஒத்திகை முடிந்ததும் அந்தப் பெயரை யார் எடுப்பது என்று பெரியக்கா கேட்டாள். வைத்தவர்தான் எடுக்க வேண்டும், அதுதான் தன் கட்சி என்றாள் மருமகள். ஒத்திகையைத் தொடங்கி வைக்க ஒரு குட்டிப் புரோகிராம் இருக்கிறது. பெயரை வைப்பதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்று அது பார்த்து வைத்துக்கொள்ளும். முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வைத்துவிடும். அதற்குப் பிறகுதான் நிஜப் புரோகிராமை எழுப்பிவிடும்.

பெரியக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. ஏனென்றால் மையத்திலும் அதே சட்டம்தான். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிவப்பு அட்டை உண்டு. யார் கண்ணுக்காவது ஏதாவது கோளாறாகப் பட்டால், அட்டையைத் தூக்கித் தன் திரையின் தலையில் செருகிவிட வேண்டும். செருகினால் மொத்த அறையும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுத் தாளுக்கும் ஃபோனுக்கும் மாறிவிடும். மேலாளரே வந்தாலும் அந்த அட்டையைத் தொட முடியாது. வைத்தவர் கையால்தான் அது இறங்க வேண்டும்.

அன்று காலை, நிஜ ஓட்டத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு ஒத்திகை வேண்டும் என்று கேட்டதும் பெரியக்காதான். எல்லார் திரையிலும் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது. அதில் 'காலை ஒத்திகை' என்று எழுதியிருந்தது. பொய் விலாசங்களை அடித்துப் பொய் வண்டிகளை அனுப்பிச் சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி மேலாளரின் வீட்டு விலாசத்தையே போட்டு, பல்வலி என்று காரணம் எழுதினாள். மருமகள் சுவரோரமாக ஒரு முக்காலியில், தன் கம்பெனி முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகை முடிந்தது. மஞ்சள் பட்டை மறைந்தது. மேலாளர் தலையை அசைத்தார். இனி நிஜம்.

முதல் அழைப்பு பெரியக்காவின் மேசையில்தான் விழுந்தது. ஒரு பெண்ணின் குரல். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த கணவர் ஏணியோடு சாய்ந்துவிட்டார், பேசுகிறார், ஆனால் காலை அசைக்க முடியவில்லை. பெரியக்கா தன் வழக்கப்படி அழுகையை ஒதுக்கி விலாசத்தை எடுத்தாள். ஆளை நகர்த்தாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் எந்த வண்டி என்று பார்த்தாள். ஆமை என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவரின் வண்டி. அழுத்தினாள்.

பச்சை விழுந்தது. கை பொத்தானை விட்டு எடுபடுவதற்குள் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மேலாளர்கூட மோவாயைத் தடவிக்கொண்டு பரவாயில்லையே என்றார். முதலாளி மருமகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெரியக்கா மட்டும் கை தட்டவில்லை. ஆமை என்று அந்த டிரைவருக்குப் பெயர் வந்தது வண்டி ஓட்டுவதால் அல்ல. ஓட்டினால் அவர் பறப்பார். பதில் சொல்வதில்தான் ஆமை. கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் திருப்பி, சக்கரம் உருண்ட பிறகுதான் 'கிளம்பிட்டேன்' என்பார். கிளம்பாமல் கிளம்பிவிட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு வராது. இதற்காக அவரிடம் பெரியக்கா சண்டை போட்ட நாட்கள் கொஞ்சமா? அந்த ஆள் எந்த ஜென்மத்தில் இவ்வளவு சுருக்காகப் பதில் சொன்னார்?

சந்தேகம்தான், வேறொன்றும் இல்லை. ஆமை இன்றைக்குப் புதுப் புரோகிராம் என்று வண்டியிலேயே தயாராக உட்கார்ந்திருக்கலாம். அட்டையைச் செருகினால் மருமகளின் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டதாகும். இத்தனை நாள் அளந்த பெருமையெல்லாம் இதே அறையில் சிரிப்பாய்ச் சிரிக்கும். சுவரோரம் பார்த்தாள். அந்தப் பெண் முகமெல்லாம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தது. காதில் இன்னொரு பெண், "வந்துட்டிருக்காங்களா, வந்துட்டிருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா சிவப்பு அட்டையை எடுத்துத் திரையின் தலையில் செருகினாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. பழைய ஃபோனை எடுத்து ஆமையைக் கூப்பிட்டாள். அவர் எடுத்த எடுப்பில், "என்னக்கா, புதுசு வேலை செய்யுதா? எனக்கு இன்னும் ஒண்ணும் வரலையே" என்றார். வண்டிக்கு வெளியே நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாராம். அவள் விலாசத்தைச் சொன்னாள். துணியைப் போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏணிக்காரரின் மனைவியிடம், வண்டி கிளம்பிவிட்டது, இப்போதுதான் கிளம்பியது என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் வரை அந்தப் பெண்ணை ஃபோனில் பிடித்து வைத்திருந்தாள். அதற்குள் மற்ற மேசைகள் தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டிருந்தன.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மருமகள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. மையத்துக்குள் இருவரும் ஒருவரையொருவர் மேடம் என்றுதான் கூப்பிடுவது, மேலாளரின் வாய்க்குப் பயந்து செய்துகொண்ட ஏற்பாடு.

"என்ன பாத்தீங்க, மேடம்?" என்று கேட்டாள்.

பெரியக்கா பார்த்ததைச் சொன்னாள். மருமகள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்படி ஆகும் என்று கேட்கவில்லை. அனுப்பாமலே பச்சை விழுந்தது என்றால், புரோகிராம் தன்னை இன்னும் ஒத்திகையில் இருப்பதாக நினைக்கிறது, ஆனால் மஞ்சள் பட்டையைக் காணோம் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கம்ப்யூட்டரின் காதில் இப்போது என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று கேட்டு, எல்லாவற்றையும் திரையில் வரிசையாகக் கொட்ட வைத்தாள்.

இதற்கிடையில் மேலாளர் குரலை உயர்த்தத் தொடங்கியிருந்தார். முதல் அழைப்பிலேயே இந்த லட்சணமா என்றார். நான் அப்போதே சொன்னேன் என்றார். முதலாளி அசடு வழிய நின்றார். பெரியக்காவின் பக்கத்து மேசைக்காரி தாளில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். பெரியக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அட்டையைப் பார்த்தபோது, வைத்தது தப்பு என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

வரிசையின் நடுவில் மருமகளின் விரல் நின்றது. 'ஒத்திகை' என்ற பெயர் அங்கே இருந்தது. அதற்கு எதிரே சொல் எதுவும் இல்லை, வெறும் இடம். அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். காதுவரை சிவந்தது.

"டப்பா, அத்தை" என்றாள். மேடம் என்பது மறந்துபோயிருந்தது. "காலி டப்பாவைக் கழுவி மேல வச்சிருக்கேன்."

பெரியக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. மேலாளருக்குப் பிடிபடவில்லை. எந்த டப்பா, யார் வீட்டு டப்பா என்று எரிந்து விழுந்தார். மருமகள் எழுந்து நின்று அவருக்கு விளக்கினாள். ஒத்திகைக்கு முன்னால் அந்தப் பெயரே கிடையாது. குட்டிப் புரோகிராம் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று குறித்து வைத்துக்கொண்டது. ஒத்திகை முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வைக்கிறேன் பேர்வழி என்று, பெயரை எடுத்துவிடாமல், பெயருக்கு எதிரே அந்த ஒன்றுமில்லையைப் போட்டு வைத்துவிட்டது. நிஜப் புரோகிராம் எழும்போது பார்ப்பது, பெயர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். இருந்தது. ஆகவே இது விளையாட்டு என்று நம்பிவிட்டது. மஞ்சள் பட்டையில் எழுத வேண்டியது அந்தச் சொல். சொல் காலி என்பதால் பட்டையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலாளிக்கு இதில் ஒரு சந்து தெரிந்தது. அவர் முன்னால் வந்து, தங்கள் ஆபீஸில் சோதித்தபோது ஒத்திகைக்குப் பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் மறுபடி போடுவார்கள், அதனால் எல்லாம் துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிடும், இங்கேயானால் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லையே, அதுதான் வம்பு என்று பூசி மெழுகப் பார்த்தார். மேலாளர் ஒரு கணம் யோசித்தார். மருமகள் தலையாட்டியிருந்தால் பழியில் பாதி மையத்தின் தலையில் விழுந்திருக்கும்.

"இல்ல சார்" என்றாள் அவள், தன் முதலாளியைப் பார்த்தே. "இங்க அணைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அத்தை வீட்ல எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. தெரிஞ்சும் அணைச்சு அணைச்சுப் பாத்தது நான். எழுதினதும் நான். தப்பு என்னோடது."

மேலாளர் எதிர்பார்த்தது இது இல்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல், கேலிக்குத் தாவினார். ஊரெல்லாம் மருமகள் புராணம் பாடிய மாமியாரே மருமகளின் புரோகிராமை நிறுத்திவிட்டாரே என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மருமகள் சிவப்பு அட்டையைப் பார்த்தாள். "அவங்க நிறுத்துவாங்கன்னு தெரிஞ்சுதான் சார் இந்த மையத்துக்கு எழுதிக் கொடுக்க ஒத்துக்கிட்டேன்" என்றாள்.

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டு மேசையில் இல்லாத தூசியைத் தட்டினாள். அழுகிற குரல்களோடே காலம் தள்ளியவள், தன் அழுகையை யாருக்கும் காட்டிப் பழகியதில்லை. இந்தப் பெண் எழுதியதில் தப்பே வராது என்று தான் பீற்றிக்கொண்டதெல்லாம் எவ்வளவு சின்னப் பெருமை என்று அவளுக்கு அப்போது பட்டது. அதைவிடப் பெரிசு ஒன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

சரிசெய்வதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. முன்னால் ஏதாவது இருந்திருந்தால் அதைத் திருப்பி வை, ஒன்றுமே இல்லாதிருந்தால் அந்தப் பெயரையே அடியோடு எடுத்துவிடு என்று மருமகள் மாற்றி எழுதினாள். பெயர் மட்டும் இருந்து சொல் காலியாக இருந்தால், பட்டை மறையாமல் 'ஒத்திகை' என்றே காட்ட வேண்டும் என்றும் சேர்த்தாள். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பினாள். எழும்போது காதில் விழுந்ததைத்தான் அது கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், நடுவில் வெளியே மாற்றினால் அதற்குத் தெரியாது என்று மேலாளருக்கு விளக்கமும் சொன்னாள். மேலாளர் புரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

எல்லாரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். அட்டை அவள் கையால் இறங்க வேண்டும். முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார். பக்கத்து மேசைக்காரி, இப்போது பார், மருமகள் என்றதும் பட்டென்று எடுத்துவிடுவாள் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பெரியக்கா அட்டையைத் தொடவில்லை. காலையில் நடந்தது அத்தனையும் மறுபடி நடக்க வேண்டும் என்றாள். அதே ஒத்திகை, அதே மஞ்சள் பட்டை, அணைக்காமல் அப்படியே நிஜம். பிறகு ஆமையின் வண்டிக்குத்தான் அனுப்புவேன், வேறு யாருக்கும் இல்லை என்றாள். ஆமை அதற்குள் ஏணிக்காரரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். கால் எலும்புதான் முறிந்திருக்கிறது, ஆள் வழியெல்லாம் ஏணியைத் திட்டிக்கொண்டு வந்தார் என்று தகவல் வந்திருந்தது.

மருமகளின் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. "அப்படித்தான் செய்யணும்" என்றாள்.

ஒத்திகை ஓடியது. முடிந்தது. மருமகள் பெயர்களை மறுபடி கொட்ட வைத்துக் காட்டினாள். அந்த வரியே அங்கே இல்லை. பெரியக்கா மையத்தின் விலாசத்தையே அடித்து ஆமைக்கு அனுப்பினாள்.

பச்சை விழவில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் விழவில்லை. முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். யாரோ இருமினார்கள். பக்கத்து மேசைக்காரி தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி தாங்க முடியாமல், மறுபடியும் கெட்டுவிட்டதா என்று மருமகளிடம் கிசுகிசுத்தார். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியாரும் அவளைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஏனென்றால் வாசலில் ஒரு மனிதர் இப்போது பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருப்பார் என்று இருவருக்கும் தெரியும்.

பச்சை விழுந்தது. கூடவே ஃபோனும் வந்தது. "கிளம்பிட்டேங்க்கா" என்றார் ஆமை. "ஆனா நம்ம ஆபீஸ் விலாசத்தையே போட்டிருக்கு. நான் எங்கதான் போறது?"

பெரியக்கா எழுந்து நின்றாள். சிவப்பு அட்டையை எடுத்து, மேசையில் அது வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்தாள். அன்று மாலை வரை அதை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது மேலாளர் மருமகளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இரவு முறைக்கும் போட்டுவிடலாம் என்றார். பெரிய கம்பெனியின் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

வீட்டில் மாமனார் அலமாரியின் முன்னால் திகைத்து நின்றிருந்தார். காலையில் மருமகள் கிளம்புகிற அவசரத்திலும் டப்பாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலியாகத் தெரிந்த இடத்தைப் பார்த்து அவர் பதறிப்போய், வருஷத்துக்கு ஆகிற சர்க்கரையை வாங்கி வந்திருந்தார். பெரியக்கா அவரைத் திட்டவில்லை. மருமகளுக்கும் தனக்கும் டீ போட்டு, சர்க்கரையை இரண்டு கரண்டி கூடவே போட்டாள்.

மறுநாள் டீ நேரத்துக்குப் பக்கத்து மேசைக்காரி காத்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்த மாதிரியே மற்றவர்களும் கூடினார்கள். பெரியக்கா டம்ளரை உதட்டுக்குக் கொண்டு போகும் வரை விட்டுவிட்டு அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க்கா, உங்க மருமக எழுதினதுல தப்பே வராதுன்னீங்களே?"

பெரியக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் டம்ளரை வைத்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"வரும்மா" என்றாள். "ஏன் வராது? மனுஷிதானே அவ. ஆனா வந்தா, நாலு பேர் முன்னாடி, தப்பிக்க வழி இருக்கறப்பவும், 'என்னோடது'ன்னு சொல்றதுக்கு அவ இருக்கா. உங்க வீட்ல அந்த மாதிரி ஒருத்தர் இருந்தா சொல்லுங்க, நான் இதோட வாயை மூடிக்கிறேன்."

பெரியக்கா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மீதி டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, ஃபோனை எடுக்கப் போனாள்.